ஓடுகிற ரவுட்டரில் கை வைக்கலாமா?

கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்து, பிறகு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கிய ஒருவரின் அலுவலகத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். மாடிப்படிக்குக் கீழே ஏசி பொருத்திய சின்ன அறை. ஒரு பக்கம் இன்வெர்ட்டர் பேட்டரிகள், மறுபக்கம் மஞ்சள் நிற ஃபைபர் வயர்கள், நடுவில் இரும்புச் சட்டத்தில் ஒரு ரவுட்டர். கணினித் திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். அந்த ரவுட்டர் கடைசியாக ரீபூட் ஆகி 91 வாரம் 2 நாள் ஆகியிருந்தது.

"ஒரு தடவைகூட நிக்கல சார்." பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள்கூட லீவு போடாத பிள்ளையைப் பற்றிச் சொல்லும் தகப்பனின் குரல்.

"அப்படின்னா சாஃப்ட்வேரையும் 91 வாரமா மாத்தலையாண்ணே?"

"ஓடிக்கிட்டுதானே இருக்கு? எதுக்குக் கை வைக்கணும்?"

பாதுகாப்பு, ஓட்டை, புதிய பதிப்பு என்று நான் ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார். புதிய பதிப்புக்குப் போனால் தன் கான்ஃபிக், அதாவது ரவுட்டரில் எழுதி வைத்த அமைப்பு வரிகள், அப்படியே வராது என்று கேள்விப்பட்டிருக்கிறார். மேலிருந்து இணைப்புத் தருபவரின் ரவுட்டர் வேறு கம்பெனி, அதோடு இது ஒத்துப்போகுமா என்று தெரியாது. நின்றுபோனால் எண்ணூறு வீட்டிலிருந்து போன் வரும், யார் பதில் சொல்வது? மூன்றுமே நியாயமான பயங்கள். அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. வந்திருந்தால் இவ்வளவு நீளமாகத்தான் இருந்திருக்கும்.

கைப்பேசியில் மென்பொருளை மாற்றி, ஏதோ ஒரு செயலி திறக்க மறுத்தால் நஷ்டம் நமக்கு மட்டும். இரண்டு நாள் திட்டிவிட்டுப் பழகிக்கொள்வோம். ரவுட்டரின் தொழிலே வேறு. தபால் பிரிக்கும் ஆபீஸ் மாதிரி, வருகிற ஒவ்வொரு பொட்டலத்தையும் எந்தப் பக்கம் தள்ளிவிடுவது என்று அது நொடிக்கு லட்சக்கணக்கில் முடிவெடுக்கிறது. அந்த முடிவுக்குத் தேவையான விவரத்தை அண்டை ரவுட்டர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறது. அண்டை ரவுட்டர் வேறு ஆளுடையது, வேறு கம்பெனி செய்தது, வேறு வருடத்து மென்பொருள் ஓடுவது. ஆகவே ஒரு ரவுட்டரின் மென்பொருள் நல்லதா கெட்டதா என்பதை அந்தப் பெட்டியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சம்பந்தி வீட்டைப் பார்க்காமல் சம்பந்தத்தை முடிவு செய்கிற மாதிரி ஆகிவிடும்.

இந்த அண்டை வீட்டுப் பேச்சுக்கு ஒரு மொழி உண்டு. பிஜிபி என்று பெயர். ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஏஎஸ் எண் என்று ஓர் எண். ஒரு ரவுட்டர் அண்டைக்குச் சொல்வது இவ்வளவுதான்: இந்த முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம், இடையில் இன்னின்ன எண்காரர்கள் இருக்கிறார்கள். அந்த அறிவிப்பு கைமாறும்போது ஒவ்வொருவரும் தன் எண்ணை முன்னால் சேர்த்து அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள். எண் வரிசை குட்டையாக இருந்தால் வழி கிட்டம் என்று பொருள். நீளமாக இருந்தால் சுற்று வழி.

2009 பிப்ரவரி 16 அன்று செக் நாட்டில் 47868 என்ற எண்ணுடைய ஒரு சிறு சேவை நிறுவனம் ஒரு சாதாரண வேலை பார்த்தது. அதற்கு மேலே இரண்டு இணைப்புகள். ஒன்று அன்றாடத்துக்கு, இன்னொன்று ஆபத்துக்கு. ஆபத்துக்கு வைத்திருக்கும் வழியில் சாதாரண நாளில் யாரும் வரக் கூடாதென்றால் அதை வேண்டுமென்றே சுற்று வழியாகக் காட்ட வேண்டும். அதற்குப் பழைய உபாயம் ஒன்று உண்டு. தன் எண்ணையே இரண்டு மூன்று முறை திரும்ப எழுதி அனுப்புவது. சிஸ்கோ ரவுட்டர் என்றால் அந்த எண்ணையே திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். அங்கே இருந்ததோ லாட்வியாவின் மைக்ரோடிக் ரவுட்டர். அதில் எத்தனை முறை என்பதை மட்டும் கொடுத்தால் போதும். சிஸ்கோ பழக்கத்தில் யாரோ 47868 என்று தட்டியிருக்க வேண்டும் என்பது பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தவர்களின் முடிவு.

அந்தக் கணக்கு அழகானது. எண்ணிக்கையை வைத்துக்கொள்ள ரவுட்டர் ஒதுக்கியிருந்த இடம் ஒரே ஒரு பைட். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். அதற்கு மேல் போனால் கடிகார முள் பன்னிரண்டைத் தாண்டி மறுபடி ஒன்றுக்கு வருகிற மாதிரி சுற்றி வரும். 47868-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 186, மீதி 252. உலகத்துக்குப் புறப்பட்ட அறிவிப்பில் அந்த எண் 252 முறை எழுதியிருந்தது.

நீளமான பாதை அபத்தமே தவிர விதிமீறல் அல்ல. சிக்கல் அடுத்த படியில் இருந்தது. பிஜிபியில் பாதையை எழுதும் கட்டத்திலும் எத்தனை எண்கள் இருக்கின்றன என்பதைக் குறிக்க ஒரே பைட்தான். ஒரு கட்டத்தில் 255 வரை எழுதலாம். 256-ஆவது ஆள் வந்தால் புதுக் கட்டம் திறந்து எழுத வேண்டும், அவ்வளவுதான். சிஸ்கோவின் பழைய ஐஓஎஸ் மென்பொருள்கள் சிலவற்றுக்கு அந்தப் புதுக் கட்டத்தைச் சரியாகத் திறக்கத் தெரியவில்லை. எவருக்கு அது தேவைப்பட்டிருக்கிறது? நிஜ வாழ்க்கையில் பாதை நாலு, ஐந்து எண்களைத் தாண்டுவதே குறைவு. அன்று செக் நாட்டிலிருந்து கிளம்பிய 252, கைமாறிக் கைமாறி 253, 254 என்று வளர்ந்தது. பக்கத்து வீடுகளில் ஒன்றும் ஆகவில்லை. சில வீடு தள்ளி, 255-ஐத் தாண்டவைத்த இடத்தில் ஒரு பழைய ரவுட்டர் தன் எண்ணைச் சேர்த்து, உருக்குலைந்த அறிவிப்பை அண்டைக்கு அனுப்பியது. அண்டை ரவுட்டருக்கு அன்றைய விதி சொன்னது இது: அறிவிப்பில் பிழை கண்டால் மொத்தப் பேச்சையும் முறித்துக்கொள். முறித்தது. அந்த அண்டையிடமிருந்து கற்ற வழிகள் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தது. பிறகு மறுபடி கைகுலுக்கியது. மறுபடி அதே அறிவிப்பு வந்தது. மறுபடி முறித்தது. உலகின் பல மூலைகளில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இதே கூத்து.

யார் குற்றம்? தட்டியவரா, "நாற்பத்தேழாயிரம் முறையா?" என்று திருப்பிக் கேட்காத மைக்ரோடிக்கா, புதுக் கட்டம் திறக்கத் தெரியாத சிஸ்கோவா, ஒரு வரியில் பிழை என்றால் உறவையே அறுக்கச் சொன்ன விதியா? எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, அன்று விழுந்த ரவுட்டர்களில் அன்றைக்கு யாரும் கை வைக்கவில்லை என்பது. அவை நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை. எங்கோ ஒரு அறையில் ஒருவர் தட்டிய ஐந்து இலக்கம் அவற்றைச் சாய்த்தது. இன்னொன்று: மென்பொருளை மாற்றாமலே தப்பித்தவர்களும் இருந்தார்கள். இவ்வளவுக்கு மேல் நீளமான பாதையை வாங்காதே என்று ஒரு வரம்பு போட சிஸ்கோவில் ஏற்கெனவே ஒற்றை வரிக் கட்டளை இருந்தது. அதைப் போட்டு வைத்திருந்தவர்களின் வாசலிலேயே அந்த அறிவிப்பு நின்றுவிட்டது.

இதைக் கேட்டதும், பழையது ஆபத்து, புதியதே பத்திரம் என்று தீர்ப்பு எழுதத் தோன்றும். அடுத்த வருடமே அதற்குப் பதில் வந்தது. 2010 ஆகஸ்ட் 27 அன்று, ஐரோப்பாவில் இணைய முகவரிகளைப் பங்கிடும் ரைப் என்சிசியும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு சோதனை செய்தன. வழி அறிவிப்போடு, இதுவரை யாரும் பயன்படுத்தாத ஒரு குறிப்பை ஒட்டி அனுப்பினார்கள். அதன் வகை எண் 99. தெரியாத குறிப்பு வந்தால் பிரிக்காமல் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. சிஸ்கோவின் பழைய ஐஓஎஸ் ஒழுங்காகக் கொடுத்துவிட்டது. பெரிய நிறுவனங்களுக்காகப் புதிதாக எழுதப்பட்ட ஐஓஎஸ் எக்ஸ்ஆர் என்ற நவீன மென்பொருள்தான் அந்தக் குறிப்பைக் கைமாற்றும்போது சிதைத்தது. மறுபடி உருக்குலைந்த அறிவிப்பு, மறுபடி பேச்சு முறிவு. அரை மணி நேரத்துக்குள் சோதனையை நிறுத்திவிட்டார்கள். புதுப் பானையிலும் ஓட்டை இருக்கும். அது எங்கே என்பது தண்ணீர் ஊற்றும்வரை தெரியாது.

மூன்றாவதாக 2011 நவம்பர் 7. ஒரு குறிப்பிட்ட வகை அறிவிப்பு வந்து சேர்ந்ததும் ஜூனிபர் நிறுவனத்தின் சில பெரிய ரவுட்டர்கள் தாமே விழுந்து எழுந்தன. லெவல் 3 போன்ற முதுகெலும்பு நிறுவனங்களே தடுமாறின. இதில் உறுத்தும் தகவல் ஒன்று உண்டு. அந்தப் பிழையை ஜூனிபர் ஆகஸ்டிலேயே அறிவித்து, திருத்திய பதிப்பையும் வெளியிட்டிருந்தது. மூன்று மாதம் இருந்தது. பெரிய நிறுவனத்தில் மூன்று மாதம் என்பது, புதிய பதிப்பைச் சோதனைக்கூடத்தில் ஓட்டிப் பார்த்து, எந்த இரவில் எந்த ஊரில் மாற்றுவது என்று பட்டியல் போட்டு முடிக்கிற நேரம். சோம்பேறித்தனம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. நிதானமும் சில நாளில் விலை கேட்கும்.

விதியும் மாறியது. 2015 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 7606 என்ற ஆவணம், அறிவிப்பில் பிழை இருந்தால் பெரும்பாலும் அந்த ஒரு வழியை மட்டும் கைவிடு, பேச்சை முறிக்காதே என்று சொன்னது. ஆனால் ஆவணம் வந்தால் போதுமா? ஒவ்வொரு பெட்டியிலும் அந்தப் புத்தி ஏற, அந்தப் பெட்டியின் மென்பொருள் மாற வேண்டும். 91 வாரம் ஓடிய பெட்டிக்கு 92-ஆவது வாரத்தில் தானாக ஞானம் வராது.

ஒத்துப்போகாமையை ஆரம்பத்திலேயே யோசித்துச் சமாளித்த கதையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஏஎஸ் எண்கள் முதலில் இரண்டு பைட், அதாவது 65,536 எண்கள். அவை தீர்ந்துபோகும் என்று தெரிந்ததும் 2007-இல் நான்கு பைட் எண்களுக்கு விதி வகுத்தார்கள். பழைய ரவுட்டருக்குப் பெரிய எண்ணைப் படிக்கத் தெரியாது. அதனால் அதன் கண்ணுக்கு மட்டும் 23456 என்ற பொது முகமூடியைக் காட்டி, உண்மையான எண்களைத் தனி உறையில் போட்டு, திறக்காமல் கைமாற்றவைத்தார்கள். பழையவர் புரியாமலே சுமந்தார், புதியவர் பிரித்துப் படித்துக்கொண்டார். உலகம் முழுக்க ஒரே இரவில் எல்லோரும் மாறியாக வேண்டிய கட்டாயம் வரவில்லை. இணையத்தில் எனக்குப் பிடித்த சாமர்த்தியங்களில் இது ஒன்று.

மறுபடி மைக்ரோடிக்குக்கு வருகிறேன், கேபிள்காரரின் அறையில் இருந்ததும் அதுதான். ரிகா நகரத்துக் கம்பெனி. விலை குறைவு, வசதி அதிகம். அதனால் பிரேசில் முதல் இந்தோனேசியா வரை சிறு சேவையாளர்களின் அறைகளில் அந்தப் பெட்டிதான். அதில் ஓடும் மென்பொருளின் பெயர் ரவுட்டர்ஓஎஸ். 2018 ஏப்ரல் 23 அன்று அதில் ஓர் ஓட்டை அடைக்கப்பட்டது. வின்பாக்ஸ் என்ற நிர்வாகச் செயலி பேசும் 8291-ஆம் வாசல் (போர்ட்) வழியாக, கடவுச்சொல் தெரியாதவரும் ரவுட்டருக்குள் இருக்கும் கோப்பை எடுத்துக்கொள்ள முடிந்தது. அந்தக் கோப்புகளில் ஒன்றில் பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும், எளிதில் மீட்டெடுக்கக்கூடிய நிலையில் இருந்தன. கம்பெனி தாமதிக்கவில்லை. ஓட்டை தெரிந்ததும் திருத்தத்தை வெளியிட்டது. அதோடு, புதுமை வேண்டாம், நிலைத்தன்மை போதும் என்பவர்களுக்கான பழைய கிளைக்கும் தனியாக ஒரு திருத்தப் பதிப்பைக் கொடுத்தது. எவருடைய கான்ஃபிக்கும் மாற வேண்டியதில்லை. ஒரு ரீபூட் போதும்.

ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் என்ன நடந்தது? முதலில் பிரேசிலில், பிறகு உலகெங்கும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மைக்ரோடிக் ரவுட்டர்களுக்குள் திருடர்கள் புகுந்து, அவற்றின் வழியாக இணையம் பார்ப்பவர்களின் கணினிகளைக் கிரிப்டோ நாணயம் தோண்டவைத்தார்கள். திருத்தம் வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் ஒரு விசித்திரமான ஆளும் வந்தார். ரஷ்ய மொழி பேசும் அவர், தான் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்களுக்குள் அழைப்பில்லாமல் நுழைந்து, வெளியாட்கள் புகாதபடி வாசலை அடைத்து, உள்ளே குறிப்பும் எழுதி வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அவரைத் தொடர்புகொண்டவர்கள் சுமார் ஐம்பது பேர். சிலர் நன்றி சொன்னார்கள், பெரும்பாலோர் திட்டினார்கள். திட்டியவர்களையும் குறை சொல்ல முடியாது. என் வீட்டுப் பூட்டு சரியில்லை என்று ராத்திரி உள்ளே வந்து மாற்றிவிட்டுப் போனால் நானும்தான் திட்டுவேன்.

மென்பொருளை மாற்றியவர்களில் பலர் இன்னொன்றை மறந்தார்கள்: கடவுச்சொல்லை மாற்றுவது. ஓட்டையை அடைப்பதற்கு முன்பே சாவி திருடுபோயிருந்தால் அடைத்து என்ன பயன்? 2021 செப்டம்பரில் ரஷ்யாவின் யாண்டெக்ஸ் மீது நொடிக்கு 2 கோடியே 18 லட்சம் கோரிக்கைகள் பாய்ந்தன. பறிபோன கருவிகளைத் திரட்டி ஏவிய படை அது; மெரிஸ் என்று பெயரிடப்பட்ட அந்தப் படையில் இருந்த ரவுட்டர்கள் 2018-இலேயே பறிபோனவைதான் என்று மைக்ரோடிக் விளக்கம் தந்தது. மூன்று வருடமாக உள்ளே ஆள் இருந்தும் அவை ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றிலும் யாரோ ஒருவர் வாரக் கணக்கைப் பெருமையாகக் காட்டியிருப்பார்.

இங்கேதான் கேபிள்காரரின் கேள்வியை இரண்டாகக் கிழிக்க வேண்டியிருக்கிறது. மாற்றுவதா வேண்டாமா என்று அவர் ஒரே கேள்வியாகக் கேட்டார். அவர் பயந்தது ரவுட்டர்ஓஎஸ்ஸின் ஆறாம் பதிப்பிலிருந்து ஏழாம் பதிப்புக்குத் தாவுவதைப் பற்றி. அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டதோ ஆறாம் கிளையிலேயே கடைசியாக வந்த திருத்தம். முன்னதில் கான்ஃபிக் உருமாறும். பின்னதில் பெரும்பாலும் எதுவும் மாறாது. பெரிய அறுவை சிகிச்சைக்குப் பயந்து தடுப்பூசியையும் போட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கிறார். நான் பார்த்தவரையில் இந்தக் குழப்பம் அவருக்கு மட்டும் உரியதல்ல. அப்டேட் என்ற ஒரே சொல்லை நாம் இரண்டுக்கும் பயன்படுத்துகிறோம்.

ஏழுக்குத் தாவுவது நிஜமாகவே பெரிய காரியம். ஆறாம் பதிப்பின் அடியில் இருக்கும் லினக்ஸ் கெர்னல் 3.3.5, அது 2012-ஆம் வருடத்துச் சரக்கு. 2021 டிசம்பரில் நிலையான பதிப்பாக வந்த 7.1-இன் அடியில் இருப்பது 2020-ஆம் வருடத்து 5.6.3. எட்டு வருட இடைவெளி. வழிகளைக் கையாளும் பகுதியை முழுக்கப் புதிதாக எழுதினார்கள். ஏன் எழுதினார்கள் என்பதற்கு ஒரு காட்சி போதும். மைக்ரோடிக்கின் பெரிய ரவுட்டர்களில் ஒன்றில் 36 கோர்கள். ஆறாம் பதிப்பில் பிஜிபி வேலையை அதில் ஒரே ஒரு கோர்தான் செய்யும். முப்பத்தாறு பேர் நிற்கும் பந்தியில் ஒருவர் மட்டும் சோறு, சாம்பார், ரசம், மோர் எல்லாம் பரிமாற, மீதிப் பேர் கை கட்டி நிற்கிற கதை. 2009-இன் தொடக்கத்தில் உலகத்து வழிகளின் முழுப் பட்டியல் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இன்று அது பத்து லட்சத்தை ஒட்டி நிற்கிறது. பட்டியல் வளர வளர, பேச்சு ஒருமுறை முறிந்தால் மறுபடி முழுவதையும் கற்க அந்த ஒற்றை ஆளுக்கு ஆகும் நேரமும் வளரும். பெட்டி மாறவே இல்லை, ஆனால் அது ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் மெதுவாகிறது. ஏழாம் பதிப்பு அந்த வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது.

எதிர்ப்பக்கக் கணக்கையும் ஒளிக்காமல் பார்க்க வேண்டும். முதல் 7.1-இல், இணைப்பு அறுந்ததை நொடிக்குள் கண்டுபிடிக்கும் பிஎஃப்டி வசதியே இல்லை. ஆறில் இருந்தது, ஏழில் பிறகுதான் வந்தது. அதை நம்பி இருந்தவருக்கு அன்று பதிப்பு உயர்வு என்பது இறக்கம். 16 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகம் மட்டும் உள்ள சிறு பெட்டிகளில் ஏழாம் பதிப்பு முட்டிக்கொண்டு நிற்கும். வேகமும் சில இடங்களில் குறையும், அதற்கான காரணம் சுவையானது. பழைய கெர்னலில், ஒருமுறை கண்டுபிடித்த வழியை நினைவில் வைத்து அடுத்த பொட்டலத்துக்கு உடனே சொல்லும் ஒரு குறிப்பேடு இருந்தது. விதவிதமான போலி முகவரிகளை அனுப்பி அந்தக் குறிப்பேட்டை நிரப்பி ரவுட்டரைத் திணறவைக்க முடியும் என்பதால் லினக்ஸ் 2012-இல் அதைத் தூக்கிவிட்டது. அதன் பலனும் பாதகமும் ஏழாம் பதிப்போடு சேர்ந்தே வந்தன. தாக்குதலுக்கு எளிதில் மடங்காது, ஆனால் சின்ன சிப் உள்ள பெட்டியில் சாதாரண நாள் வேலைக்குக் கொஞ்சம் கூடுதல் மூச்சு வாங்கும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வயிற்றைக் கலக்கிய மாற்றம் ஒரு சிறு வரி. எந்த வழியை வாங்குவது, எதைத் தள்ளுவது என்று எழுதும் வடிகட்டிகளின் இலக்கணம் ஏழில் முழுக்க மாறியது. இலக்கணம் மாறினால் கண்ணுக்குத் தெரியும், தட்டும்போதே பிழை என்று கத்தும். கண்ணுக்குத் தெரியாமல் மாறியது கடைசியில் வரும் மௌனம். ஆறில், எந்த விதியிலும் சிக்காத வழி கடைசியில் ஏற்றுக்கொள்ளப்படும். ஏழில், எந்த விதியிலும் சிக்காத வழி தள்ளப்படும். பந்தலின் வாசலில் "இவர்களை விடாதே" என்ற பட்டியலோடு நின்ற காவலாளியிடம் ஒரே நாளில் "பெயர் இருந்தால் மட்டும் விடு" என்று சொல்லிவிட்ட மாதிரி. பாதுகாப்புக்கு இரண்டாவதுதான் நல்லது, தவறான வழிகள் வெளியே கசிவது இதில் குறையும். ஆனால் பழைய மனக்கணக்கோடு புதிய இலக்கணத்தில் கையால் நாலு வரி எழுதி, கடைசியில் "மற்றதை ஏற்றுக்கொள்" என்று எழுதாமல் விட்டவருக்கு, பிழைச் செய்தி ஒன்றும் வராது. விளக்கெல்லாம் பச்சை. இணையம் மட்டும் இருக்காது. பதிப்பு மாறும்போது பழைய கான்ஃபிக்கை மென்பொருளே மொழிபெயர்த்துத் தரும், அது பெரும்பாலும் ஒழுங்காகவே வேலை செய்கிறது. இருந்தாலும் மொழிபெயர்ப்பை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட ஒரு மனிதர் உட்கார்ந்தாக வேண்டும்.

சரி, நாம் எதையும் தொடாமல் இருந்தால் அண்டை வீட்டுக்காரரும் தொடாமல் இருப்பாரா? 2023 நவம்பர் 8 அதிகாலை நான்கு மணி அளவில் ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் வலையமைப்பு மொத்தமாக விழுந்தது. ஒரு கோடிப் பேருக்குத் தொலைபேசியும் இணையமும் இல்லை. தாய்க் கம்பெனியான சிங்டெல்லின் பன்னாட்டு இணைப்பு மையத்தில் ஒரு வழக்கமான மென்பொருள் மேம்படுத்தல் நடந்திருந்தது. அதை ஒட்டி வழி அறிவிப்புகள் வழக்கத்தைவிட அதிகமாக வந்தன. ஆப்டஸின் சுமார் 90 ரவுட்டர்களில், இவ்வளவுக்கு மேல் வழிகள் வந்தால் தற்காப்பாகத் துண்டித்துக்கொள் என்ற வரம்பு இருந்தது. ரவுட்டரோடு வந்த இயல்பு அளவு, யாரும் மாற்றாதது. அத்தனையும் ஒன்றாகத் துண்டித்துக்கொண்டன. தூரத்திலிருந்து எட்ட முடியாமல் போன இடங்களுக்குப் பொறியாளர்கள் வண்டி ஏறி நேரில் போக வேண்டியிருந்தது. மேம்படுத்தல் மூலகாரணமல்ல, வரம்புதான் காரணம் என்றது சிங்டெல். இரண்டு வாரத்துக்குள் ஆப்டஸின் தலைமை நிர்வாகி பதவி விலகினார். 2009-இல் ஒரு வரம்பு போட்டவர்கள் தப்பித்தார்கள், 2023-இல் ஒரு வரம்பே கழுத்தைப் பிடித்தது. வரம்பு என்றைக்கோ எழுதப்பட்டது, சுற்றியிருக்கும் உலகம் நேற்று மாறியது.

அந்த வண்டிப் பயணம்தான் தீர்மானத்தின் மையம் என்று நினைக்கிறேன். புதிய பதிப்பில் பிழை இருக்குமா என்று கேட்டுப் பயனில்லை, இருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்று கேட்க வேண்டும். திரும்ப முடியுமென்றால் துணிந்து இறங்கலாம். ஜூனிபரில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: மாற்றத்தைச் செய்துவிட்டு, பத்து நிமிடத்துக்குள் "சரி" என்று உறுதி செய்யாவிட்டால் ரவுட்டர் தானாகவே பழைய கான்ஃபிக்குக்குப் போய்விடும். நம்மால் உள்ளே வர முடியாமல் போனால் அதுவே பின்வாங்கிக்கொள்ளும். மைக்ரோடிக்கிலும் கான்ஃபிக் மாற்றங்களுக்கு இதுபோன்ற பாதுகாப்பு முறை இருக்கிறது. ஆனால் பதிப்பு மாற்றத்துக்கு அது உதவாது. ஏழுக்குப் போனபிறகு ஆறுக்குத் திரும்புவது போன வழியிலேயே வருகிற மாதிரி இருக்காது. அதனால் திரும்பும் வழியைப் பெட்டிக்கு வெளியே வைத்திருக்க வேண்டும். கான்ஃபிக்கைப் படிக்கக்கூடிய எழுத்து வடிவில் எடுத்துக் கணினியில் வைப்பது முதல் வேலை. மைக்ரோடிக் தன் மென்பொருளை மெய்நிகர் ரவுட்டராகவும் தருகிறது. இலவச உரிமத்தில் ஓர் இணைப்பு முனைக்கு நொடிக்கு 1 மெகாபிட்டுக்கு மேல் போகாது. வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க உதவாத வேகம்தான், ஆனால் மடிக்கணினியில் ஏழாம் பதிப்பை ஓட்டி, நம் வடிகட்டிகளை அதில் ஏற்றிப் பார்க்கத் தாராளமாகப் போதும்.

கேபிள்காரரை மறுபடி பார்த்தபோது இதில் பாதியைச் சொன்னேன். அன்றிரவே ஆறாம் கிளையின் கடைசித் திருத்தத்தை ஏற்றி, கடவுச்சொற்களை மாற்றி, 8291-ஆம் வாசலை வெளியாட்களுக்கு மூடுவது என்று முடிவானது. ஏழாம் பதிப்புக்கு அவரே ஒரு யோசனை சொன்னார், என்னுடையதைவிட நல்ல யோசனை. அவருக்கு மேலே இரண்டு இணைப்புகள். சின்னதாக இரண்டாவது பெட்டி ஒன்று வாங்கி, அதில் ஏழாம் பதிப்பை ஏற்றி, அதிகம் பயன்படாத இணைப்பை மட்டும் அதன் வழியாக விடுவது. பழைய பெட்டி ஆறிலேயே பக்கத்தில் ஓடட்டும். ஐபிஎல் சீசன் முடியும்வரை பெரிய இணைப்பைத் தொடுவதில்லை.

"மேல இருக்கிற கம்பெனிக்காரன்கிட்டயும் சொல்லி வச்சிரணும்ல சார்? அவன் பக்கம் எத்தனை வழி வரம்பு வச்சிருக்கான்னு கேக்கணும்" என்றார். எனக்குத் தோன்றாதது அது.

ராத்திரி இரண்டு மணிக்குத் திருத்தத்தை ஏற்றினார். ரீபூட் ஆகி எழ இரண்டு நிமிடத்துக்குள்தான் ஆனது. அடியில் இருக்கும் துவக்க மென்பொருளைத் தனியாக மாற்ற வேண்டியிருந்ததால் இன்னொரு முறையும் அணைந்து எழுந்தது. முதல் ரீபூட்டுக்குப் பொத்தானை அழுத்துவதற்கு முன் அவர் கொஞ்சம் நின்றார். கைப்பேசியை எடுத்து, திரையில் இருந்த அந்த வாரக் கணக்கைப் படம் பிடித்துக்கொண்டார்.